முப்பது வரை எண்ணுவது

சி.பி.ஆர். வகுப்பில் நாற்காலிக்கு அதிக வேலை இல்லை. முதலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கும். அப்புறம் எல்லாம் தரையில்தான். ஜமக்காளத்தின் மேல் தலையும் மார்பும் மட்டுமே உள்ள பொம்மைகளை வரிசையாகக் கிடத்தியிருப்பார்கள். கையும் இல்லை, காலும் இல்லை. கண் மூடியிருக்கும். வாய் சற்றே திறந்திருக்கும். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் அந்த முகங்களை நர்ஸ் துடைக்க ஆரம்பித்ததுமே கூடத்தில் பேச்சு தணிந்துவிட்டது. பொம்மை என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் படுத்துக் கிடக்கும் ஒரு முகத்தின் முன்னால் மனிதர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

எங்கள் குடியிருப்போர் சங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏற்பாடு செய்திருந்த வகுப்பு அது. நடத்தியவர் மயக்க மருந்து நிபுணரான ஒரு டாக்டரம்மா. வாட்ச்மேன் அண்ணன், தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர், பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் சிலர், ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், கைக்குழந்தையோடு ஓர் இளம் தம்பதி என்று பலரும் வந்திருந்தார்கள். டாக்டரம்மா பாடத்தை ஆரம்பிக்கவில்லை. ஒரு கேள்வி கேட்டார்.

"இப்போ இங்க ஒருத்தர் திடீர்னு விழுந்துட்டார். என்ன செய்வீங்க?"

பதில்கள் தடையில்லாமல் வந்தன. முகத்தில் தண்ணீர் தெளிப்போம். சோடா வாங்கி வந்து கொடுப்போம். உள்ளங்காலைத் தேய்ப்போம். கையில் சாவிக்கொத்தைக் கொடுப்போம். காற்று வரட்டும், தள்ளி நில்லுங்கள் என்போம். ஆட்டோ பிடிப்போம். டாக்டரம்மா எதையும் தவறு என்று சொல்லவில்லை. எல்லோரும் சொல்லி முடிக்கும்வரை தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"எல்லாமே அக்கறையில செய்யறதுதான். அந்த அக்கறை எங்க போய்ச் சேரணும்னு மட்டும் இன்னிக்குப் பாப்போம்."

அன்று கற்றுக்கொண்ட எல்லாம் இந்த வாக்கியத்துக்குள் அடங்கும். ஒருவர் விழுந்தால் நம் ஊரில் கூட்டம் கூடாமல் இருந்ததில்லை. கூடுகிறவர்களுக்குப் பதைப்பு இல்லாமலும் இல்லை. அந்தப் பதைப்புக்கு ஒரு வேலை கொடுக்கத்தான் வகுப்பு.

*

சி.பி.ஆர். என்றால் நின்ற இதயத்துக்காக நெஞ்சைக் கையால் அமுக்குவது. அமுக்குவதற்கு முன்னால் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

விழுந்தவரின் இரண்டு தோள்களையும் தட்ட வேண்டும். "சார், சார்! என்ன ஆச்சு?" என்று உரக்கக் கேட்க வேண்டும். அசைவில்லை என்றால் நெஞ்சைப் பார்க்க வேண்டும். ஏறி இறங்குகிறதா? அதற்குப் பத்து விநாடிக்குமேல் எடுத்துக்கொள்ளக் கூடாது. நாடி பிடித்துப் பார்க்கும் வேலையைப் பொதுமக்களுக்கு வைப்பதில்லை. பதற்றத்தில் தன் விரல் நுனியில் அடிப்பதையே அவருடைய நாடி என்று நினைத்துவிடலாம். அதைத் தேடியே நிமிடங்களும் போய்விடலாம்.

மூச்சைப் பார்த்துப் பழக உயிருள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது. வாட்ச்மேன் அண்ணன் கூச்சத்தோடு வந்து படுத்தார். நாங்கள் சுற்றிலும் குனிந்து அவர் நெஞ்சையே பார்த்தோம். காக்கிச் சட்டையின் இரண்டாவது பொத்தான் மெல்ல மேலே வந்தது, கீழே போனது. மறுபடி மேலே வந்தது. தினமும் கேட்டைத் திறந்துவிடும் மனிதர். எத்தனை வருஷமாகப் பார்க்கிறோம்! அவர் மூச்சு விடுவதை அதுவரை ஒருவரும் பார்த்ததில்லை. பத்து விநாடி என்பது இத்தனை நீளமா என்று ஒரு பையன் முணுமுணுத்தான்.

கண்ணை மூடிக்கொண்டு தன் மூச்சைக் கவனிக்கிற பழக்கம் எனக்குக் கொஞ்சம் உண்டு. கண்ணைத் திறந்துகொண்டு இன்னொருவர் மூச்சைக் கவனிப்பது அதைவிடக் கடினம் என்று அன்று தெரிந்தது. அங்கே மனம் அலைந்தால் திரும்பக் கூட்டிவந்து உட்கார வைக்கலாம். இங்கே அதற்கு அவகாசம் இல்லை.

மூச்சு என்று தோன்றி ஏமாற்றும் ஒன்றைப் பற்றி டாக்டரம்மா நிறைய நேரம் பேசினார். இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் சிலருக்கு வாய் திறந்து மூடும். குறட்டைபோல், விக்கல்போல் இடைவெளி விட்டு ஓர் ஒலி வரும். அதைக் கேட்டுவிட்டு, "மூச்சு இருக்கு, ஒண்ணுமில்ல" என்று சுற்றியிருப்பவர்கள் ஆறுதல் அடைந்துவிடுவார்கள். அது மூச்சில் சேர்த்தி இல்லை. கூப்பிட்டால் பதில் இல்லை, சீரான மூச்சும் இல்லை என்றால், இதயம் நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொண்டு அமுக்க ஆரம்பித்துவிட வேண்டும்.

மாரடைப்பு வந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வியர்க்க வியர்க்கப் பேசுகிறாரே, அவருக்கு இந்த அமுக்கல் கூடாது. அவருடைய இதயம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்தான் அடைத்திருக்கிறது. உட்கார வைத்து உடனே ஆஸ்பத்திரிக்கு வழி பார்க்க வேண்டும். ஆனால் அந்த அடைப்பே சில நிமிடங்களில் இதயத்தை நிறுத்திவிடவும் கூடும். அதனால் பக்கத்தைவிட்டு நகரக் கூடாது.

*

"யாராவது 108க்கு போன் பண்ணுங்க!"

இப்படிக் கத்தினால் யாரும் பண்ண மாட்டார்கள், அல்லது பத்துப் பேர் பண்ணுவார்கள். ஒருவரைக் கையைக் காட்டிச் சொல்ல வேண்டும் என்கிறது பாடம். "நீலச் சட்டை தம்பி, நீங்க 108க்கு அடிங்க. ஸ்பீக்கர்ல போட்டு என் பக்கத்துல வைங்க. அக்கா, நீங்க கேட்டுல போய் நின்னு ஆம்புலன்ஸுக்கு வழி காட்டுங்க." கூட்டம் அப்போது தனித்தனி மனிதர்களாகப் பிரிகிறது. பெயர் தெரியாவிட்டாலும் சட்டை நிறம் தெரிந்தால் போதும். ஒருவர் தன்னைப் பார்த்துச் சொன்னதை யாரும் தட்டுவதில்லை.

வகுப்பில் எனக்கு மிகப் பிடித்த காட்சி இங்கேதான் நடந்தது. ஓய்வுபெற்ற டீச்சருக்கு முழங்கால் வலி. தரையில் உட்கார முடியாது. ஓரமாக நாற்காலியில் இருந்தபடி, "நான் சும்மா பாத்துட்டுப் போறேம்மா" என்றார். டாக்டரம்மா விடவில்லை. "டீச்சர், உங்களுக்குத்தான் குரல் இருக்கு. நீங்க எண்ணுங்க" என்றார். அன்று முழுவதும் எல்லோரும் அமுக்கியது அவருடைய எண்ணிக்கைக்குத்தான். வகுப்பறையில் பல வருஷம் பழகிய குரல். கூடத்தின் கடைசி மூலைவரை கேட்டது. மண்டியிட முடியாதவர் எண்ணலாம். எண்ண முடியாதவர் தெருமுனையில் நின்று கையை ஆட்டி வண்டியைக் கூப்பிடலாம். லிஃப்டைப் பிடித்து வைத்திருக்கலாம். அழுதுகொண்டிருக்கும் பிள்ளையை அடுத்த வீட்டுக்குக் கூட்டிப்போகலாம். 108 வண்டி சந்துக்குள் எந்த வீடு என்று தேடி நிற்கும் நேரமும் விழுந்தவரின் கணக்கில்தான் சேரும்.

*

இனி கை.

நெஞ்சின் நடுவில், மார்பெலும்பின் கீழ்ப்பாதியில், ஓர் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைக்க வேண்டும். மணிக்கட்டை ஒட்டிச் சதைப்பற்றாக இருக்கிறதே, அந்த இடம். அதன்மேல் மறுகை. விரல்களைக் கோத்து, விலாவில் படாமல் தூக்கிக்கொள்ள வேண்டும். முழங்கை மடங்கக் கூடாது. தோள்கள் கைக்கு நேர் மேலே வரவேண்டும். கைவலுவை நம்பினால் அரை நிமிடத்தில் ஓய்ந்துவிடுவோம். இடுப்பிலிருந்து சாய்ந்து உடம்பின் கனத்தை இறக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஆழம் 5 செ.மீ.க்குக் குறையக் கூடாது, 6 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120.

முதல்முறை எல்லோரும் மென்மையாகவே அமுக்குகிறார்கள். தூங்குகிற ஆளை எழுப்புகிற மாதிரி. பொம்மை ஒன்றும் சொல்வதில்லை. போதிய ஆழம் போனால் அதற்குள்ளிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வரும்வரை அமுக்கச் சொல்கிறார்கள். கைக்குழந்தைக்காரப் பெண் குழந்தையைக் கணவனிடம் கொடுத்துவிட்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு மண்டியிட்டாள். இரண்டு மூன்று தடவை சத்தமே வரவில்லை. "இவ்வளவு அழுத்தினா வலிக்காதா டாக்டர்?" என்று கேட்டாள். "வலிச்சா சந்தோஷப்படணும்மா. வலிக்குதுன்னா உயிர் இருக்கு" என்றார் அவர். அடுத்த அமுக்கில் 'டிக்' கேட்டது. அதன்பிறகு நிற்கவில்லை. கண்ணாடி வளையல்கள் அந்த வேகத்துக்கே குலுங்கின.

டீச்சர் பதினொன்று, பன்னிரண்டு என்று போனபோது எண்கள் நீண்டு, கைகள் பின்தங்கின. இருபத்தேழை வாய் சொல்லி முடிப்பதற்குள் கை அடுத்த அமுக்குக்குப் போயிருக்க வேண்டும். "பத்து வரைக்கும் எண்ணி மறுபடி ஒண்ணுலேர்ந்து வாங்க டீச்சர், மூணு பத்து" என்று டாக்டரம்மா திருத்தினார். ஒண்ணு ரெண்டு மூணு நாலு. முப்பது ஆனதும் முறையாகப் பயின்றவர்கள் இரண்டு முறை வாயோடு வாய் வைத்துக் காற்று ஊதுவார்கள்; பிறகு மறுபடி முப்பது. பயிற்சி இல்லாத பொதுமக்களுக்கு அது வேண்டாம், இடைவிடாமல் நெஞ்சை மட்டும் அமுக்குங்கள் என்று நம் நாட்டு மயக்க மருந்து நிபுணர்களின் சங்கம் 2017ல் வழிமுறை வகுத்தது. திடீரென்று விழுந்த பெரியவரின் ரத்தத்தில் முதல் சில நிமிடங்களுக்கு வேண்டிய ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கும். அதைத் தலைவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் கையின் வேலை.

அமுக்குவதை எல்லோரும் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள். விடுவதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. வேகம் கூடும்போது கை நெஞ்சின் மேலேயே சாய்ந்துகொள்கிறது. முழுக்க மேலே வருவதில்லை. டாக்டரம்மா இஸ்திரிக்காரரின் தோளைப் பின்னாலிருந்து மெல்லப் பிடித்துத் தூக்கினார். "அண்ணே, அடிபம்பு அடிச்சிருக்கீங்கல்ல? கைப்பிடியை முழுசா மேல விட்டாத்தானே அடுத்த அடிக்குத் தண்ணி வரும்? அமுக்கும்போது ரத்தம் வெளியே போகுது. விடும்போதுதான் இதயம் நிறையுது." அவர் தலையாட்டினார். அதன்பிறகு அந்தக் கூடத்திலேயே நன்றாகச் செய்தவர் அவர்தான். நாள் முழுக்கக் கனத்த பெட்டியை இறக்கித் தூக்கிப் பழகிய உடம்பு.

விடும்போது நிறைகிறது. இந்தச் செய்தி என்னோடு வந்துவிட்டது. பலம் எல்லாம் அமுக்குவதில்தான் என்று நம்பிக்கொண்டிருக்கிற வேளையில், கை பின்வாங்குகிற அந்த நொடியில்தான் இதயத் தசைக்கே ரத்தம் பாய்கிறது. நாம் விலகிக் கொடுக்கிற இடத்தில் அவருடைய உடம்பு தன் வேலையைச் செய்கிறது. எத்தனை நன்றாக அமுக்கினாலும், ஆரோக்கியமான இதயம் தள்ளும் ரத்தத்தில் கால்வாசி, மிஞ்சிப்போனால் மூன்றில் ஒரு பங்குதான் நம் கையால் தள்ள முடியும். மூளையைக் கொஞ்ச நேரம் காப்பாற்றி வைக்க அது போதும்.

இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். களைப்பு நமக்குத் தெரிவதற்கு முன்பே ஆழம் குறைந்துவிடும். மாறும்போது இடைவெளி பத்து விநாடியைத் தாண்டக் கூடாது. என் முறை முடிந்து எழுந்தபோது ஜமக்காளத்தில் என் நெற்றி வியர்வை சொட்டியிருந்தது. மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

*

கையால் நெஞ்சை அமுக்கினால் ரத்தம் ஓடும் என்று கண்டுபிடித்த கதையில் மின்கம்பம் ஏறும் தொழிலாளிகளுக்கு ஓர் இடம் உண்டு. அமெரிக்காவில் மின்சார கம்பெனிகளின் லைன்மேன்கள் ஷாக் அடித்துச் செத்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தடுக்க ஏதாவது வழி உண்டா என்று ஆராயும் வேலை மின்பொறியியல் பேராசிரியரான வில்லியம் கூவன்ஹோவனிடம் வந்தது. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பல வருஷம் அதிலேயே கிடந்தார். 1950களின் கடைசியில், அவரோடு வேலை செய்த கை நிக்கர்பாக்கர் என்ற இளைஞர், நாயின் நெஞ்சில் ஷாக் தட்டுகளை அழுத்தி வைக்கும்போதே ரத்த அழுத்தம் சற்று ஏறுவதைக் கவனித்தார். மின்சாரம் இன்னும் பாயவில்லை, அழுத்தம் மட்டும்தான். அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஜூட் உடன் சேர்ந்தார். மூவரும் எழுதிய கட்டுரை 1960ல் வந்தது. அதுவரை நின்ற இதயத்தை மீட்க நெஞ்சைக் கீறித் திறந்து கையை உள்ளே விட வேண்டியிருந்தது. இனிமேல் யாரும், எங்கேயும் ஆரம்பிக்கலாம், இரண்டு கைகள் போதும் என்று அவர்கள் சொன்னார்கள்.

அந்த அழுத்தம் ஏறியது ஒரு கருவியில் சிறு அசைவாகத்தான் தெரிந்திருக்கும். அதை ஒதுக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருக்கலாம். ஒருவர் பார்த்தார். நம் ஊரில் மழைக்காலத்தில் கம்பம் ஏறுகிற மின்வாரிய ஊழியர்களை நினைத்தால், அவர்கள் ஒவ்வொருவரும் கூட ஒரு துணையோடு போக வேண்டும், அந்தத் துணைக்கு இந்த வித்தை கை வந்திருக்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது.

பொம்மைக்கும் ஒரு கதை உண்டு. நார்வேயில் ஸ்டவாங்கர் நகரத்தில் ஆஸ்முண்ட் லேர்டால் என்ற பொம்மைத் தயாரிப்பாளர் இருந்தார். தண்ணீரில் மூழ்கிய தன் சின்ன மகனை இழுத்துப் பிழைக்க வைத்த தகப்பன். வாயோடு வாய் வைத்து ஊதும் முறையை நிலைநாட்டியவர்களில் ஒருவரான டாக்டர் பீட்டர் சஃபார் முதலானோர் தூண்ட, 1960ல் பயிற்சிப் பொம்மை செய்தார். நெஞ்சுக்குள் ஸ்பிரிங் வைக்கச் சொன்னவர் சஃபார். முகத்துக்கு லேர்டால் எடுத்துக்கொண்டது பாரிஸில் சேன் நதியில் கிடைத்ததாகச் சொல்லப்படும் ஒரு பெயரில்லாப் பெண்ணின் சாவு முகமூடி. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் யாரோ வார்த்த அந்த முகம் ஐரோப்பிய வீடுகளில் சுவர் அலங்காரமாகத் தொங்கியது. யாரும் கரையேற்றாத ஒரு பெண்ணின் முகத்தின்மேல் உலகம் முழுக்க மனிதர்கள் குனிந்து மற்றவரைக் கரையேற்றக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். அதை நினைத்தபோது நர்ஸ் பஞ்சால் துடைத்த விதம் எனக்கு இன்னும் சரியாகப் பட்டது.

*

பயங்கள் எல்லாம் இடைவேளை டீயின்போதுதான் வெளியே வந்தன.

எலும்பு உடைந்துவிட்டால்? உடையும். வயதானவர்களுக்கு விலா முறிவது சகஜம். கைக்குக் கீழே அது தெரியும். நிறுத்தக் கூடாது. விலா எலும்பு கூடிவிடும்.

போலீஸ், கோர்ட் என்று இழுத்தால்? சாலை விபத்தில் உதவுகிறவர்களைக் காக்க உச்ச நீதிமன்றம் 2016ல் நெறிமுறைகளுக்குச் சட்ட வலிமை கொடுத்தது. 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவையே சேர்த்துவிட்டார்கள். நல்லெண்ணத்தோடு உதவியவர்மேல் சிவில் வழக்கும் இல்லை, கிரிமினல் வழக்கும் இல்லை. ஆஸ்பத்திரியில் பெயரைச் சொல்லித்தான் ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

விழுந்தவர் பெண்ணாக இருந்தால்?

இதைக் கேட்டவன் பிளஸ் டூ பையன். கேட்டுவிட்டுத் தலை குனிந்துகொண்டான். நல்ல கேள்வி. பொது இடத்தில் விழும் பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைவாகவே இந்த உதவி கிடைக்கிறது என்று பல நாடுகளில் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். பயிற்சிப் பொம்மைகளும் பெரும்பாலும் தட்டையான ஆண் மார்போடுதான் வருகின்றன. டாக்டரம்மா பையனை நேராகப் பார்த்து, "உங்க அம்மா பஸ் ஸ்டாண்டுல விழுந்தா, சுத்தி நிக்கிற பசங்க என்ன செய்யணும்னு நினைப்பியோ அதைச் செய் கண்ணா" என்றார். கை வைக்கும் இடம் எலும்பு. ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே எலும்பு. சுற்றி நிற்கும் பெண்கள் துப்பட்டாவையோ புடவைத் தலைப்பையோ மறைப்பாகப் பிடிக்கலாம். அதுவும் ஒரு வேலைதான்.

2021 ஜூன் 12ஆம் தேதி, கோபன்ஹேகனில் டென்மார்க்கும் பின்லாந்தும் ஆடிய யூரோ கோப்பைக் கால்பந்து ஆட்டத்தில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் மைதானத்திலேயே சரிந்தார். டிவியில் பார்த்த அந்தப் பையன்களுக்கு நன்றாக நினைவிருந்தது. அங்கேயே நெஞ்சை அமுக்கி, ஏ.இ.டி. கருவியால் ஷாக் கொடுத்து மீட்டார்கள். அவருடைய அணியினர் சுற்றி வளையமாக நின்றார்கள். பலர் அவருக்கு முதுகு காட்டி, வெளியே பார்த்தபடி. முகத்தில் கண்ணீர். கூட்டம் என்பது இப்படியும் நிற்கலாம். எரிக்சன் அடுத்த வருஷமே திரும்ப ஆட வந்தார்.

*

ஏ.இ.டி. பெட்டியைப் பற்றி அதிகம் பயப்பட ஒன்றுமில்லை. திறந்தால் அதுவே பேசும். ஒட்டும் பேட் இரண்டு: ஒன்று வலது காரை எலும்புக்குக் கீழே, இன்னொன்று இடது அக்குளுக்குக் கீழே. நெஞ்சு ஈரமாக இருந்தால் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும். ஷாக் வேண்டுமா வேண்டாமா என்று அதுவே பார்த்துச் சொல்லும், தேவையில்லாதவருக்குக் கொடுக்காது. கொடுக்கும்போது யாரும் அவரைத் தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது. நம் ஊரில் இந்தப் பெட்டி இன்னும் அபூர்வம். தீயணைப்பு சிலிண்டர் மாட்டியிருக்கிற எல்லா இடங்களிலும் இதுவும் மாட்டப்பட வேண்டும் என்பது என் ஆசை.

தண்ணீரில் மூழ்கியவர்களைப் பற்றி டாக்டரம்மா தனியாகச் சொன்னார். கிணறு, குளம், ஆற்று மணல் பள்ளம் என்று நமக்கு இது பழகிய துக்கம். தோளில் போட்டுச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் நேரத்தைத் தின்றுவிடும். வயிற்றிலிருப்பது வாய்க்கு வந்து மூச்சுக்குழலில் போய்விடும் ஆபத்தும் உண்டு. மூழ்கியவருக்குக் குறைவது காற்று. அதனால் அங்கே வாயோடு வாய் வைத்து ஊதுவதும் வேண்டும். பச்சிளங்குழந்தைகளுக்கும் அப்படியே. நெஞ்சின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம், சுமார் 4 செ.மீ. குழந்தைப் பொம்மையை மடியருகே வைத்துக்கொண்டு அந்த இளம் தகப்பன் பழகியபோது, அவனுடைய சொந்தக் குழந்தை அம்மாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. கரண்ட் அடித்தவரை மெயினை அணைக்காமல் தொடக் கூடாது. இதை மட்டும் எல்லோரையும் ஒன்றுசேர உரக்கச் சொல்லச் சொன்னார்.

*

கடைசியில் கேள்வி உண்டா என்றபோது, அதுவரை பேசாமலிருந்த ஓர் அம்மா எழுந்தார். ஐம்பது வயது இருக்கலாம். போன வருஷம் கணவர் சாப்பிட்டுவிட்டு எழுந்தவர் அப்படியே சரிந்தார் என்றார். ஆட்டோவில்தான் கொண்டுபோனார்களாம்.

"இது அன்னிக்குத் தெரிஞ்சிருந்தா அவர் இருந்திருப்பாரா டாக்டர்?"

டாக்டரம்மா எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். உடனே பதில் சொல்லவில்லை.

"தெரிஞ்சவங்க பக்கத்துல இருந்தும், ஆஸ்பத்திரிக்குள்ளயே விழுந்தும், நிறையப் பேரை எங்களால மீட்க முடியறதில்லம்மா. உங்க வீட்டுக்காரர் பிழைச்சிருப்பார்னு நான் சொன்னா அது பொய். மாட்டார்னு சொன்னாலும் பொய். அன்னிக்கு உங்களுக்குத் தெரியாது. தெரியாததுல உங்க தப்பு ஒண்ணுமில்ல. இன்னிக்கு வந்திருக்கீங்க பாருங்க."

அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பொம்மைக்குப் பக்கத்தில் வந்து மண்டியிட்டார். ஏற்கெனவே ஒருமுறை செய்து முடித்தவர்தான். டீச்சர் அவருக்காக மறுபடி எண்ணினார்.

அமெரிக்கா மாதிரி வசதி மிகுந்த நாட்டிலேயே ஆஸ்பத்திரிக்கு வெளியே இதயம் நின்றவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான் பிழைக்கிறார்கள். இந்த உண்மையை மறைக்காத வகுப்புதான் நல்ல வகுப்பு. சினிமாவில் நாலு அமுக்கில் கதாநாயகன் கண் விழிப்பான். நிஜத்தில் ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து வாங்கிக்கொள்ளும்வரை நாம் முகம் பார்க்காமல் அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். ஆனால் ஒன்றும் செய்யாமல் நின்றால் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 முதல் 10 வரை கரைகிறது. கை வைத்தால் அந்தக் கரைவு மெதுவாகிறது. இதயம் நின்றவர் அந்த நேரத்தில் உயிரற்றவர்தான்; அவரை இதைவிட மோசமாக்க நம் கையால் முடியாது.

*

கை சீக்கிரம் மறக்கும். சில மாதங்களிலேயே ஆழம் குறையும், வேகம் தப்பும். வருஷத்துக்கு ஒருமுறையாவது மறுபடி போய் அமுக்கிப் பார்ப்பது நல்லது. கண்டக்டர் லைசென்ஸுக்கு முதலுதவிச் சான்றிதழ் கேட்கிறார்கள். பிள்ளைகளுக்கு நடத்துகிற டீச்சர்களுக்கும், ஜிம் நடத்துகிறவர்களுக்கும், கல்யாண மண்டப மேனேஜர்களுக்கும் கேட்கலாம். நார்வேயில் 1960களின் தொடக்கத்திலேயே பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நம் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு மதிய வேளை ஒதுக்கினால் போதும். பி.டி. பீரியடில் முடிந்துவிடும் காரியம். அக்டோபர் 16ஐ இதற்கென்றே உலகம் முழுவதும் ஒரு நாளாக வைத்திருக்கிறார்கள். அன்று பல ஊர்களில் இலவசமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மற்ற நாட்களில் செஞ்சிலுவைச் சங்கத்தின் கிளையிலோ, செயின்ட் ஜான் ஆம்புலன்ஸிலோ, பக்கத்து மருத்துவக் கல்லூரியிலோ கேட்டுப் பாருங்கள்.

போகும்போது வீட்டிலிருந்து இன்னொருவரையும் கூட்டிப்போங்கள். இதயம் நின்று விழுகிறவர்களில் பெரும்பாலோர் விழுவது வீட்டில்தான். ஒருவர் மட்டும் கற்றுக்கொண்டால் போதாது. விழுகிறவர் அவராகவே இருக்கலாம்.